டிரம் வண்டிக்காரரை விரட்டாதீர்கள், பதிவு செய்யுங்கள்: பழைய கியர் ஆயில் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பெருநகர சென்னை மாநகராட்சிக்கும்,

வணக்கம்.

நான் வில்லிவாக்கத்தில் ஒரு சின்ன ஷெட்டில் கியர் பாக்ஸ் வேலை பார்க்கிறேன். இன்ஜின், பிரேக், ஏசி எல்லாம் பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், எங்களிடம் வருவது கியர் பாக்ஸ் மட்டும்தான். அதிலும் கொஞ்ச வருஷமாக ஆட்டோமேட்டிக் வண்டி அதிகம் வருகிறது, ஏனென்றால் கத்திப்பாராவிலும் கோயம்பேட்டிலும் கிளட்ச்சை மிதித்து மிதித்து முட்டி வலி கண்டவர்கள் எல்லாம் அடுத்த வண்டி வாங்கும்போது ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறார்கள். வண்டி மாற மாற அதிலிருந்து வடிக்கிற எண்ணெயும் மாறிக்கொண்டு வருகிறது, அளவும் கூடிக்கொண்டு வருகிறது. அந்த எண்ணெயைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். எங்களைப் போன்ற ஷெட்டுகளிலிருந்து வேஸ்ட் ஆயில் வாங்கிக்கொண்டு போகிற டிரம் வண்டிக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்யுங்கள், கையில் ஒரு அடையாள அட்டை கொடுங்கள், முறையான மறுசுத்திகரிப்பு ஆலையோடு அவர்களைச் சேர்த்துவிடுங்கள். அவர்களை விட்டால் எங்கள் சந்துக்குள் இந்த எண்ணெய்க்காக வருகிறவர்கள் வேறு யாரும் இல்லை.

ஒரு கியர் பாக்ஸில் அப்படி என்ன பெரிய எண்ணெய் என்று தோன்றலாம். சின்ன மேனுவல் காரில் சுமார் 2 லிட்டர்தான், உண்மைதான். ஆனால் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பேனைக் கழற்றினாலே 3 முதல் 5 லிட்டர் வரை வரும், மெஷின் போட்டு முழுசாக மாற்றினால் 8 லிட்டரிலிருந்து 12 லிட்டர்கூட ஆகும். லாரி, பஸ் கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் இன்னும் அதிகம். இப்படி வடிக்கிற ஷெட்டுகள் புதுப்பேட்டை, பாடி, அம்பத்தூர் எஸ்டேட், மாதவரம், பல்லாவரம் என்று ஊர் முழுக்க இருக்கின்றன, போர்டுகூட இல்லாமல் மரத்தடியில் நடப்பவையும் இருக்கின்றன.

புதுசாக ஊற்றும்போது ஆட்டோமேட்டிக் ஆயில், நாங்கள் ஏடிஎஃப் என்போம், நல்ல சிவப்பாக இருக்கும். அது சேர்க்கிற சாயம், வண்டிக்கு அடியில் சொட்டினால் இன்ஜின் ஆயில் இல்லை, கியர் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்காக. ஓடி ஓடிச் சூடாகி, பழுப்பாகி, கடைசியில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும். டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனியில் இருக்கிற காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழைவாக ஒன்று ஒட்டியிருக்கும். துணியில் வழித்து வெயிலில் காட்டினால் மினுங்கும். அது அவ்வளவும் இரும்புத் தூள், பல்சக்கரமும் பேரிங்கும் தேய்ந்து வந்தது. காந்தத்தில் ஒட்டாத பித்தளை, செம்பு, அலுமினியம், கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள் எல்லாம் எண்ணெயிலேயே நின்றுவிடும். இன்ஜின் ஆயிலைப் போல இது எரிபொருள் எரிகிற இடத்துக்குப் போவதில்லை, அதனால் கரியும் அந்தக் கரியோடு வருகிற விஷமும் இதில் குறைவு. ஆனால் தரையில் ஊற்றினாலும் சாக்கடையில் ஊற்றினாலும் பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. உலோகமும் ரசாயனமும் இருக்கிற எண்ணெய்தான் இதுவும்.

இந்த எண்ணெய் கெட்டுப்போவதில்லை என்பது பலருக்கும் தெரியாத விஷயம். அழுக்காகிறது, அதில் சேர்த்த மருந்து தீர்ந்துபோகிறது, அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. முறையான ஆலையில் முதலில் சூடாக்கித் தண்ணீரை எடுப்பார்கள், கலந்திருக்கிற பெட்ரோல், டீசலைப் பிரிப்பார்கள், பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, களிமண்ணாலோ ஹைட்ரஜனாலோ சுத்தம் செய்தால் மறுபடியும் பேஸ் ஆயில் கிடைத்துவிடும். அடியில் தங்குகிற கெட்டிச் சரக்கு தார் வேலைக்குப் போகும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் பழைய இன்ஜின் எண்ணெயை மறுசுத்திகரித்தால் சுமார் 2.4 லிட்டர் நல்ல மசகு எண்ணெய் கிடைக்கும், அதே 2.4 லிட்டரைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டுமானால் 42 கேலன் கச்சா எண்ணெய், அதாவது கிட்டத்தட்ட 160 லிட்டர் வேண்டும். கச்சா எண்ணெயில் பெரும்பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்குகிற நாடு நம்முடையது. இந்த டிரம்மில் நிற்கிற எண்ணெய் பணம் ஐயா.

பணம் என்பதால்தான் இதற்கு ஆள் வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் குட்டி லோடு வண்டியிலோ மூன்று சக்கர வண்டியிலோ ஒருவர் வருவார், கேனை எடை போடுவார், கையில் காசு கொடுப்பார், ரசீது கிடையாது. எங்கே போகிறது என்று கேட்டால் "கம்பெனிக்கு" என்பார். சில சமயம் உண்மையாகவே மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். பல சமயம் சென்ட்ரிங் பலகையில் தடவப் போகும், அல்லது ஏதாவது ஒரு சூளையிலோ பாய்லரிலோ எரியும். அதைவிட மோசம், துணியில் வடிகட்டி, சாயம் போட்டு, பழைய டப்பாவில் அடைத்துப் புது எண்ணெய் என்று திரும்ப எங்களுக்கே விற்பது. பவர் ஸ்டீயரிங்குக்கு அப்படி ஒரு எண்ணெய் ஊற்றி ஸ்டீயரிங் ரேக்கின் சீல் போய் வந்த வண்டியை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

எரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளோரின் உள்ள கிளீனர் ஸ்பிரே கலந்த எண்ணெயைச் சரியான சூடு இல்லாத அடுப்பில் எரித்தால் டயாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உருவாகலாம். உலோகத் தூள் சாம்பலாகப் புகையோடு காற்றில் ஏறும். சரியாகச் சுத்திகரிக்காத மினரல் ஆயிலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறவற்றின் முதல் வகையிலேயே வைத்திருக்கிறது. அதில்தான் எங்கள் பசங்கள் கையுறை இல்லாமல் முழங்கை வரை நனைகிறார்கள், மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு அப்படியே சாப்பிடப் போகிறார்கள். ஷெட் முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கி வைப்பது பெரிய செலவு இல்லை.

டிரம் வண்டிக்காரர் வாங்காத சரக்குதான் வடிகாலுக்குப் போகிறது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல எண்ணெயை எவனும் சாக்கடையில் ஊற்ற மாட்டான், காசு வருமே. தண்ணீர் கலந்தது, கூலன்ட் கலந்தது, பிரேக் ஆயில் கலந்தது, அரை லிட்டர் கால் லிட்டராக மிஞ்சுவது, தரையில் கொட்டியதைச் சோப்புப் போட்டுக் கழுவிய தண்ணீர், எண்ணெய் குடித்த பனியன் வேஸ்ட், மரத்தூள், பழைய ஃபில்டர் இவைதான் போகின்றன. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலின் வாயில் கறுப்பாக ஒரு பொருக்கு பிடித்திருக்கிறது, கடப்பாரையால் குத்தினால் அடை அடையாகப் பெயர்கிறது. மழைநீர் வடிகாலில் போவதை எந்த நிலையமும் சுத்தம் செய்வதில்லை, நேராக நீர்நிலைக்குத்தான். எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஓட்டேரி நல்லாவில் சேர்ந்து, அயனாவரம், பெரம்பூர் வழியாகப் போய் பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. புதுப்பேட்டைக்குக் கூவம் கூப்பிடு தூரம். சரி, பாதாளச் சாக்கடையில் ஊற்றினால்? அது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும், அங்கே கழிவைத் தின்று சுத்தம் செய்கிற நுண்ணுயிர்களுக்கு எண்ணெய் ஆகாது.

எண்ணெய் தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கிய கசடை மாணவர்களும் தன்னார்வலர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்களே படகில் போய் அள்ளினார்கள். அவை ஒரே நாளில் நடந்ததால் செய்தியானது. ஷெட் வாசலில் சொட்டுச் சொட்டாகப் போவது செய்தியாகாது, வருஷம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய எண்ணெய்க்கு இடம் இருக்கிறது, கியர் ஆயில் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுப்பும்போது படிவம் 10 போட வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். பெரிய ஷோரூம் சர்வீஸ் சென்டரில் இதற்கென்று ஒரு ஆள் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். எங்கள் ஷெட்டில் நானும் இரண்டு பசங்களும்தான். ஆலை லாரி டிரம் கணக்கில் எண்ணெய் இருந்தால் வரும், இரண்டு கேனுக்கு வராது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2023 செப்டம்பரில் திருத்தம் வந்தது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எண்ணெய் தயாரித்து விற்கிற நிறுவனமே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு, 2024-25இல் 5 விழுக்காடு என்று தொடங்கி வருஷா வருஷம் கூட்டி 50 விழுக்காடு வரை கொண்டுபோக வேண்டும். ஆலை எவ்வளவு மறுசுத்திகரித்ததோ அதற்குச் சான்றிதழ் கிடைக்கும், தயாரிப்பாளர் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த விதியிலேயே சேகரிப்பு முகவர் என்று ஒருவர் வருகிறார், அவரும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த முகவர் யார்? இத்தனை வருஷமாக எங்கள் சந்துக்குள் வந்துபோகிற டிரம் வண்டிக்காரர்தானே? வேலை அவருக்குத் தெரியும், எந்த ஷெட்டில் எந்தக் கிழமை எவ்வளவு சேரும் என்று தெரியும், வண்டி வைத்திருக்கிறார். அவருக்கு இல்லாதது ஆங்கிலத்தில் இருக்கிற அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு ஆள், மூடி போட்ட டிரம், அப்புறம் ஒரு அட்டை.

அட்டை இல்லாததால் என்ன நடக்கிறது? வழியில் யார் நிறுத்தினாலும் அவருக்குப் பயம். அதனால் ராத்திரியில் எடுக்கிறார், எங்கே போகிறது என்று சொல்ல மறுக்கிறார், அங்கீகாரம் பெற்ற ஆலை அவரிடம் நேரடியாக வாங்கத் தயங்குகிறது, கடைசியில் கேள்வி கேட்காமல் வாங்குகிற சூளைக்காரரிடம் போகிறார். நாளைக்கே நீங்கள் ரெய்டு நடத்தி நாலு வண்டியைப் பிடித்தால் சூளை எரிவது நிற்காது, எங்கள் டிரம் நிரம்பி வழிவதுதான் மிச்சம். அவரைப் பதிவு செய்தால் சான்றிதழ்ப் பணத்தில் ஒரு பங்கு ஆலை வழியாக அவருக்கு வரும், சூளைக்காரர் கொடுப்பதைவிட ஒரு ரூபாய் கூடக் கிடைத்தால் போதும், வண்டி தானாகத் திரும்பிவிடும். காசு எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம்தான் டிரம் உருளும்.

மாநகராட்சிக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டு அபாயகரக் கழிவுகளைக் கொண்டுவந்து போட 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று எழுதியிருந்தது. சென்னை 426 சதுர கிலோமீட்டர், கணக்குப் போட்டால் 22 மையம் வருகிறது. வீட்டு வாசலில் தானே ஆயில் மாற்றுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், வீடியோ பார்த்துச் செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள், ஆனால் வடித்த எண்ணெயைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடி குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். லாரியில் அந்தப் பாட்டில் நசுங்கும்போது தூய்மைப் பணியாளர் மேல்தான் தெறிக்கிறது. அந்த மையங்களில் ஒரு எண்ணெய் டிரம் வைத்து, எந்தெந்தத் தெருவில் இருக்கிறது என்று 200 வார்டிலும் தமிழில் எழுதிப் போடுங்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும், அதைச் சொல்லாமல் உங்களிடம் மட்டும் கேட்பது நியாயம் இல்லை. சக மெக்கானிக்குகளும் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஏடிஎஃப், எண்ணெய் வகைப் பவர் ஸ்டீயரிங் ஆயில் எல்லாம் பொதுவாக ஒரே டிரம்மில் சேர்க்கலாம், எடுக்கிற ஆலையை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். சேர்க்கவே கூடாதவை கூலன்ட்டும் பிரேக் ஆயிலும். பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில், டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் என்கிற, எண்ணெய் அல்லாத ரசாயனத் திரவ வகை, கூலன்ட்டும் கிளைக்கால்தான், இவை கலந்தால் மொத்த டிரம்மையும் ஆலை திருப்பி அனுப்பிவிடும். பாகம் கழுவிய பெட்ரோல், தின்னர் கலந்தால் டிரம் தீப்பிடிக்கிற ஆபத்து. கூலன்ட்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் இரண்டு தனிக் கேன், மேலே பெயின்ட்டில் பெரிதாக எழுதிவிட்டால் புதுப் பையன்கூடத் தப்புப் பண்ண மாட்டான். எண்ணெயை வடிப்பது வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஓடி வந்து நின்ற உடனே பிளக்கைக் கழற்றினால் கை வெந்துபோகும். கழற்றிப் போடுகிற இன்ஜின் ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் உள்ளே நிற்கிற எண்ணெய் பெரும்பாலும் இறங்கிவிடும். தரையில் கொட்டினால் மரத்தூள் போட்டு அள்ளுங்கள், ஹோஸ் பிடித்து அடிக்காதீர்கள். டிரம்மைக் கூரைக்குக் கீழே, ஒரு தட்டுக்குள், செங்கல் அடுக்கி உயரத்தில் வையுங்கள்.

அந்த எண்ணெய் குடித்த மரத்தூளுக்கும் துணிக்கும் இப்போது வழியே இல்லை, வாரியம் அதையும் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அபாயகரக் கழிவுக்கு முறையான கிடங்கு இருக்கிறது. ஆனால் ஒரு கோணிப்பை துணிக்கு நான் கும்மிடிப்பூண்டிக்கு வண்டி பிடிக்க முடியாது. எண்ணெய் எடுக்க வருகிற அதே பதிவு பெற்ற வண்டியில் இந்தப் பையும் ஏறலாம் என்று ஒரு உத்தரவு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வண்டிக்காரர் கூலி கேட்பார், கொடுக்கலாம், நாங்கள் கொடுப்போம்.

இதையெல்லாம் அக்டோபர் மழைக்கு முன்னால் ஆரம்பியுங்கள் என்று கேட்கிறேன், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அரைகுறையாக நிரம்பிய டிரம் மிதந்து சாயும், அந்தத் தண்ணீரில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பார்கள். செப்டம்பர் கடைசியில் ஷெட் ஷெட்டாக ஒரு முறை எல்லா டிரம்மையும் காலி செய்கிற ஏற்பாடு இருந்தால்கூட இந்த வருஷத்துக்குப் பெரிய காரியம்.

புதுப்பேட்டையில் தொடங்கலாம், அம்பத்தூர் எஸ்டேட்டில் தொடங்கலாம், அது உங்கள் முடிவு. வில்லிவாக்கத்தில் தொடங்குவதாக இருந்தால் பொது டிரம் வைக்க எங்கள் ஷெட் வாசலில் இடம் தருகிறேன், பக்கத்துக் கடைக்காரர்களிடமும் பேசிவிட்டேன். அதிகாரி ஒருவர் வந்து டிரம் வண்டிக்காரர்களோடு உட்கார்ந்து பேச விரும்பினால் அவர்களை வரவழைப்பது என் பொறுப்பு. வழக்குப் போட மாட்டோம் என்று நீங்கள் முதலில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு கியர் பாக்ஸ் மெக்கானிக்